உண்ணியும் மாட்டுக் காய்ச்சலும்

மாட்டின் காதிலும் மடியிலும் ஆமணக்கு விதைபோற் பருத்துத் தொங்கும் உண்ணியை நாம் அறியாதவரல்லேம். இலத்தீன் மொழியில் இவ்விரண்டிற்கும் ‘ரிசினஸ்’ என ஒரே பெயர். அதனைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டுத் தொல்லை ஒழிந்ததென்று அமைகின்றோம். அங்குத்தான் பிழைக்கின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்காவின் ரெக்சாஸ் மாடுகள் வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டன. கன்றுப் பருவத்திலேயே நோயுற்றுத் தேறியவையாதலின் அவை நலமாக நடந்தன. அவை சென்ற நிலத்திற் பின்னர் மேய்ந்த வடநாட்டு மாடுகளோ காய்ச்சலுற்று, குருதிநிறச் சிறுநீர் கழித்து மடிந்தன. உண்ணியே காரணமென மாடு வளர்ப்போர் பலர் கூறினர், கற்றோர் நகைத்தனர். தியோபால்டு சிமித், கில்போர்ன் என்போர் 1889இல் இதனைச் சோதிக்கத் தொடங்கினர். உண்ணி நீக்கிய தென்னாட்டு மாடுகளோடு அடைத்த வடநாட்டு மாடுகள் நோயுறவில்லை. தென்னாட்டு மாடே புகாத நிலத்தில் உண்ணிகளை மட்டும் தூவினர், நோய் தோன்றிற்று. நுளம்பு மலேரியாவைக் கடத்தும் வகையை றொஸ் 1898இற் காட்டுமுன்னரே, 1893இல், இம்முடிவு வெளியாயிற்று.

இவ்வுண்ணி வாழ்நாள் முழுவதும் ஒரே மாட்டிற் தங்குவது. அங்ஙனமாயின் நோய் பிறிதொரு மாட்டை அடைவதெவ்வாறு? குருதி நிறைந்த பெண்ணுண்ணி நிலத்தில் வீழ்ந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடியும். நோய்க்கிருமி முட்டை வழியே குஞ்சுகளுட் புகும். தாய் உண்டதை மக்கள் கொண்டு செல்கின்றன!

அமெரிக்கர் 1906 தொடக்கம் மாடுகளை மருந்துத் தொட்டியில் மீண்டும் மீண்டும் தோய்த்து, 1943இல் மெக்சிக்கோ எல்லைப்புறமொழிந்த இடங்களில் இவ்வுண்ணியை ஒழித்தனர். நம் நாட்டு மாட்டுண்ணியும் இதற்கு நெருங்கிய உறவினதே. பிடுங்கிய உண்ணியை முற்றத்தில் எறியாது மண்ணெண்ணெயில் இடுக.