பச்சை மண்ணில் பதிந்த தடம்

பிறந்த அஞ்சு நாளுக்குள் போட்ட ஊசி, வயசான பிறகு வேலையைக் காட்டுமா? ‘மருந்துதான் எப்பவோ உடம்பை விட்டுப் போயிருக்குமே!’ என்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிலை எலிகள் சொல்கின்றன.

டி.இ.எஸ். என்பது 1938-ல் இங்கிலாந்தில் டாக்டர் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் தயாரித்த மருந்து. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-ல் சிகாகோ டாக்டர்கள் சோதித்துப் பார்த்து, ‘பலனே இல்லை’ என்றார்கள். ஆனாலும் மாத்திரை நிற்கவில்லை.

எலி கொடுத்த எச்சரிக்கை

1962-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தகாசுகி, பெர்ன் ஆகியோர், பிறந்த எலிக்குட்டிகளுக்குச் சில நாட்கள் மட்டும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். அவை வளர்ந்த பிறகு பிறப்புப் பாதையின் உட்தோல் தடித்தே கிடந்தது. சினைப்பையை அகற்றியும் மாறவில்லை! வளர்ந்த எலிக்குக் கொடுத்தால், மருந்தை நிறுத்தியதும் தோல் பழையபடி ஆகிவிடும்.

1971-ல் பாஸ்டனில் டாக்டர் ஹெர்ப்ஸ்ட், பிறப்புப் பாதையில் அபூர்வப் புற்றுநோய் வந்த 8 இளம்பெண்களைப் பற்றி ஆராய்ந்தார். அவர்களில் 7 பேரின் அம்மாக்கள் கர்ப்பத்தில் டி.இ.எஸ். சாப்பிட்டவர்கள். அந்த வருஷமே அமெரிக்க அரசு, கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம் என்று எச்சரித்தது.

ஏன் இப்படி?

எலிக்குட்டி பிறக்கும்போது அதன் கர்ப்பப்பை முழுசாக உருவாகியிருக்காது. வயிற்றில் இருக்கும் நம் சிசுவின் நிலைதான். பச்சைப் பானையில் பதிந்த விரல் தடம், சுட்ட பிறகு அழியுமா? மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அதை இயக்கும், அடக்கும் அடையாளங்கள் மாறிவிடுகின்றன.

1990-ல் ரெத்தா நியூபோல்ட் குழு, முதல் 5 நாள் டி.இ.எஸ். ஊசி போட்ட எலிகளில் 90 சதவிகிதத்துக்கு 18-வது மாதத்தில் கர்ப்பப்பைப் புற்றுநோயைக் கண்டது. பருவமடையும் முன்பே சினைப்பையை அகற்றிய எலிகளுக்கு அது வரவில்லை. அதாவது, மருந்து விதைத்தது; எலியின் சொந்த ஹார்மோன் நீர் ஊற்றியது.

பயப்படலாமா?

வேண்டாம். டி.இ.எஸ். தாய்மார்களின் பெண்களில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இந்தப் புற்றுநோய் வந்தது. டாக்டர் இன்று எழுதித் தரும் ஹார்மோன் மாத்திரைகள் வேறு. அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கும்போது, கடையில் கேட்டு வாங்கி எந்த மாத்திரையும் விழுங்காதீர்கள். ‘கர்ப்பமாக இருக்கலாம்’ என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை, உங்கள் பெண்ணின் இருபதாவது வயதையும் காப்பாற்றும்.