ஊர்ந்து செல்லும் அலைகள்

விமான நிலையங்களில் ராடாரின் ஆண்டெனா சுழன்றுகொண்டே இருப்பதைக் காணலாம். ஆனால், கட்ட வரிசை ஆண்டெனா சுழல வேண்டியதில்லை. அதில் நூற்றுக்கணக்கான சிறிய ஆண்டெனாக்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் அலையை அனுப்பும் நேரத்தைச் சற்றே மாற்றினால் போதும். அலைகள் ஒன்றுசேர்ந்து விரும்பிய திசையில் செல்லும்.

எனினும், இதில் ஒரு சிக்கல் உண்டு. இச்சிறிய ஆண்டெனாக்கள் பெரும்பாலும் மின்கடத்தாப் பலகை ஒன்றின்மீது பதிக்கப்படுகின்றன. அலையின் ஒரு பகுதி வானில் பரவாமல், அப்பலகையை ஒட்டியே ஊர்ந்து செல்கிறது. இதுவே மேற்பரப்பு அலை. இதனால் ஆற்றல் வீணாகிறது. அருகிலுள்ள ஆண்டெனாக்களின் செயல்பாடும் பாதிக்கப்படுகிறது. சில கோணங்களில் ஆற்றலில் பெரும்பகுதி வெளியேறாமல் திரும்பிவிடும். அப்போது ராடார் அத்திசையில் பார்வை இழக்கிறது. அங்கே விமானம் வந்தாலும் அதனைக் கண்டறிவது கடினம்.

இதனைத் தவிர்க்கப் பலகையை மெல்லியதாக்கலாம். ஆனால், ஆண்டெனா பயன்படுத்தக்கூடிய அதிர்வெண்களின் எல்லை சுருங்கிவிடும். 1999-இல் அமெரிக்க ஆய்வாளர் டான் சீவன்பைப்பரும் அவருடைய குழுவினரும் மற்றொரு வழியை வெளியிட்டனர். காளான் வடிவச் சிறு உலோக அமைப்புகள் நிறைந்த பரப்பு அது. குறிப்பிட்ட அதிர்வெண்களில் மேற்பரப்பு அலைகளால் அதனைக் கடந்து செல்ல இயலாது.

ஆயினும், வரிசையில் அடுத்தடுத்த ஆண்டெனாக்களுக்கு இடையே ஏறத்தாழ அரை அலைநீள இடைவெளியே இருக்கும். அதற்குள் காளான்களையும் பொருத்துவது எளிதன்று. எதைப் பெற எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைப் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும்.