கறவை மாட்டின் எலும்பும் உயிருள்ள திசுவே

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரும்பு வெட்டும் காலங்களில் கொழுந்தாடையும் வைக்கோலுமே பல மாடுகளுக்குத் தீவனம். கல்வராயன் மலையில் மேய்ச்சலை நம்பிய மாடுகள் அதிகம். இவற்றில் சில, மண்ணை நக்குவதையும் கிடக்கும் எலும்பைக் கவ்வி மெல்லுவதையும் பார்த்திருப்பீர்கள். குடற்புழு இருந்தாலும் மாடு மண் தின்னும். ஆனால் எலும்பைத் தேடுவது பெரும்பாலும் மணிச்சத்துக் குறைவின் அடையாளம்.

எலும்பு என்பது கல் அன்று. கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாட்கள் ஊறப்போடுங்கள். சுண்ணாம்புச்சத்து கரைந்து, ரப்பர்போல் வளையும். அதில் எஞ்சுவது புரதநார். இன்னொன்றை வெண்மையாகும்வரை சுட்டால் நார் எரிந்து, தாது உப்பு மட்டும் நிற்கும், அழுத்தினால் நொறுங்கும். நாரும் உப்பும் சேர்ந்தால்தான் உறுதி.

எலும்பின் வெளிப்புறம் கெட்டியானது. நுண்ணோக்கியில் பார்த்தால், இரத்தக்குழாய் செல்லும் நுண்துளையைச் சுற்றி மரத்தின் வளையங்கள்போல் அடுக்குகள் தெரியும். முனைகளின் உட்புறம் தேனடை போன்றது. அங்குள்ள மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உண்டாகின்றன.

இங்கு வேலை செய்யும் செல்களே முக்கியம். ஒருவகை செல்கள் நாரைப் பின்னி உப்பைப் படிய வைக்கின்றன. அவற்றுள் சில, தாம் கட்டிய சுவருக்குள்ளேயே சிக்கி, நுண்கால்வாய்கள் வழியே ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு எலும்பைக் காவல் காக்கின்றன. வேறு வகையான பெரிய செல்கள் எலும்பை அரித்து, சுண்ணாம்பையும் மணிச்சத்தையும் இரத்தத்தில் சேர்க்கின்றன. உடலின் சுண்ணாம்புச்சத்தில் 99 சதம் எலும்பிலும் பல்லிலும்தான் உள்ளது. எலும்பை ஒரு குதிர் என்றே கொள்ளலாம்.

ஒரு லிட்டர் பாலில் சுமார் 1.2 கிராம் சுண்ணாம்புச்சத்து வெளியேறுகிறது. கன்று ஈன்றவுடன் சீம்பாலில் இன்னும் அதிகம். அரிக்கும் செல்கள் முடுக்கம் பெறச் சில நாட்கள் ஆகும். வயதான பசுவில் இன்னும் தாமதம். அந்த இடைவெளியில்தான் பால் காய்ச்சல் வந்து பசு படுத்துவிடுகிறது. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடக்கும், காது குளிர்ந்திருக்கும். 'காய்ச்சல்' என்ற பெயர் பொருத்தமற்றது, உடல் சுடாது.

கொழுந்தாடையிலும் வைக்கோலிலும் உள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வேலிமசால், அகத்தி போன்றவற்றைக் கலந்து கொடுங்கள். கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை தேவை. சினையின் கடைசி மாதத்தில் சுண்ணாம்பை அள்ளிக் கொடுக்காதீர்கள். தீவனத்தில் மிகுதியாகக் கிடைத்தால் குதிரைத் திறக்கும் வேலை மந்தமாகிவிடும்.

செத்த மாட்டின் எலும்பை மேய்ச்சல் நிலத்தில் விடாமல் ஆழப் புதையுங்கள். அதை மெல்லும் மாட்டுக்கு நச்சுக்கிருமியால் வாதம் கண்டு உயிர் போகலாம். படுத்துவிட்ட பசுவுக்கு வாய்வழி எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வைத்து, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். இரத்தக்குழாய் வழியே சுண்ணாம்புச்சத்து ஏற்றினால் பெரும்பாலான பசுக்கள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும்.