முள்ளந்தண்டில் ஏற்படும் கலப்புத் தொற்று
க.பொ.த. (உயர் தரம்) – உயிரியல் – நுண்ணங்கிகளும் நோய்களும்

1. அறிமுகம்
மாணவர்களே, ஒரு நோய்க்கு ஒரு நோயாக்கி எனப் படித்திருப்பீர்கள். எனினும் ஒரே இழையத்தில் இரண்டு நோயாக்கிகள் ஒருங்கே இருக்கவும் கூடும். இது கலப்புத் தொற்று எனப்படும். முள்ளந்தண்டில் இது அரிது. ஆயினும் கவனிக்கத் தவறினால் முண்ணாண் நெருக்கப்பட்டுக் கால்கள் செயலிழக்கலாம்.

2. முள்ளென்பைத் தாக்கும் பிரதான பற்றீரியாக்கள்
(அ) ஸ்ரபைலோகொக்கஸ் ஓரியஸ் – கிராம் நேர், சீழை உண்டாக்கும், விரைவாகப் பரவும்.
(ஆ) மைக்கோபற்றீரியம் ரியூபர்குளோசிஸ் – காசநோய், மெதுவாகப் பரவும். 1779 இல் பேர்சிவல் பொட் விவரித்ததால் முள்ளந்தண்டுக் காசநோய் ‘பொட்டின் நோய்’ எனப்படும்.
(இ) பேர்க்கோல்டேரியா சூடோமல்லை – மண்ணிலும் நீரிலும் வாழும். மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும். இலங்கையில் முதன்முதல் 1927 இல் அறிவிக்கப்பட்டது.
(ஈ) புரூசெல்லா – காய்ச்சாத பால், கால்நடைகள் மூலம் தொற்றும்.

3. ஓர் உதாரணம்
குண்டசாலையில் வயல் செய்யும், நீரிழிவு உள்ள ஒருவருக்கு இரு மாதங்களாக முதுகுவலியும் இரவுக் காய்ச்சலும் எனக் கொள்வோம். அவர் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார். பரிசோதனையில் காசநோய் உறுதியாகிறது. இத்துடன் தேடலை நிறுத்தலாமா? கூடாது. நீரிழிவும் சேற்று மண்ணும் மெலியோய்டோசிசுக்கும் வழி வகுப்பவை. மேலும், காசநோய்ச் சீழ்க்கட்டி தோலைத் துளைத்து வெளியே திறந்தால், தோலிலுள்ள பற்றீரியாக்கள் அவ்வழியே உட்புகும்.

4. கண்டறிதல்
• குருதி வளர்ப்புச் சோதனை, எம்.ஆர்.ஐ. படம்.
• ஊசி மூலம் என்பிலிருந்து மாதிரி பெறல். இதுவே முக்கியமானது.
• மாதிரியைப் பங்கிட்டு, கிராம் சாயமிடல், சீல்–நீல்சன் சாயமிடல், சாதாரண வளர்ப்பு, காசநோய் வளர்ப்பு, இழையப் பரிசோதனை ஆகிய அனைத்தையும் செய்தல். காசநோய் வளர்ப்பின் முடிவுக்குப் பல வாரங்கள் செல்லும்.
கவனிக்க: நோயாளி ஆபத்தான நிலையில் இல்லாவிடின், மாதிரி பெற்ற பின்னரே நுண்ணுயிர்கொல்லி ஆரம்பிக்கப்படும். முன்னரே கொடுத்தால் பற்றீரியா வளர்ப்பில் தோன்றாது போகலாம்.

5. சிகிச்சை
• ஸ்ரபைலோகொக்கஸ் – பொதுவாக 6 வாரங்கள்.
• காசநோய் – முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகள். முழுக்காலம் பொதுவாக 9 முதல் 12 மாதங்கள். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம்.
• மெலியோய்டோசிஸ் – செப்டசிடீம் ஊசி சில வாரங்கள். பின் கோ-ட்ரைமொக்சசோல் ஏறத்தாழ 6 மாதங்கள்.
கலப்புத் தொற்றாயின் ஒவ்வொரு நோயாக்கிக்கும் உரிய மருந்து தேவை. முண்ணாண் நெருக்கப்பட்டால் சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம்.

மாதிரி வினா
காசநோய் மருந்தான ரிபாம்பிசின் கொடுத்ததும் முதுகுவலி சற்றுக் குறைந்தது. நோய் காசநோய் மட்டுமே என முடிவு செய்யலாமா?
விடை: முடியாது. ரிபாம்பிசின் ஸ்ரபைலோகொக்கஸ், புரூசெல்லா ஆகியவற்றையும் தாக்கும். ஆகவே குணம் தெரிவது நோயாக்கியை நிரூபிக்காது. வளர்ப்புச் சோதனையே நிரூபிக்கும்.

நினைவில் கொள்க: காய்ச்சலுடன் நீடிக்கும் முதுகுவலி, கால் பலவீனம், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றை உங்கள் வீட்டில் எவரிடமாவது கண்டால், எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.