கர்ப்பத்தில் பிட்யூட்டரி: எந்த மாத்திரையை நிறுத்தலாம்?

கர்ப்பம் உறுதியானதுமே பல வீடுகளில் மாத்திரை டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். "பிள்ளைக்கு ஆகாதும்மா" என்று பெரியவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு உள்ள பெண்ணுக்கு அந்த அக்கறையே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் இந்தச் சுரப்பியின் கட்டளையில்தான் தைராய்டும் அட்ரீனலும் சினைப்பையும் இயங்குகின்றன.

நம்பிக்கை: கரு தங்கிவிட்டால் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டும்.

உண்மை: எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அதிகம் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டிக்காகக் கேபர்கோலினோ புரோமோகிரிப்டினோ சாப்பிடுபவர்களுக்கு, கட்டி 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், கர்ப்பம் தெரிந்ததும் மருத்துவரே பெரும்பாலும் நிறுத்தச் சொல்லிவிடுவார். கட்டி பெரிதாக இருந்தால் தொடரச் சொல்வதும் உண்டு. கர்ப்பம் என்று தெரியாமல் முதல் சில வாரங்கள் சாப்பிட்டுவிட்டோமே என்று கலங்கிக் கருவைக் கலைக்க நினைக்க வேண்டாம். இந்த மருந்துகளால் குழந்தைக்குக் குறைபாடு கூடுவதாக இதுவரையிலான அனுபவத்தில் தெரியவில்லை.

ஹைட்ரோகார்டிசோன் விஷயம் வேறு. பிட்யூட்டரி செயலிழந்து, உடம்பு தானாகக் கார்டிசோல் ஹார்மோனைச் சுரக்க முடியாத பெண்ணுக்கு, அந்தக் குறையை ஈடுகட்டத் தரப்படுவது அது. 'ஸ்டீராய்டு' என்ற பெயரைக் கேட்டுப் பயந்து நிறுத்தினால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி, வாந்தியும் மயக்கமும் வந்து, உயிரே போய்விடக்கூடும். குழந்தையைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது: நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு என்சைம் இந்த மருந்தின் பெரும்பகுதியைச் செயலற்றதாக மாற்றிவிடுகிறது.

மசக்கை வாந்தியில் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பிரசவ வலி வலுக்கும்போதும், சிசேரியனின்போதும் 100 மி.கி. ஊசியில் தொடங்கி, கூடுதல் அளவில் தருவார்கள். இந்த விவரத்தைக் கர்ப்பகால அட்டையின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் வலி எடுத்துப் போகும்போது, பணியில் இருக்கும் மருத்துவருக்கு உங்களைத் தெரிந்திருக்காது.

நம்பிக்கை: டி.எஸ்.எச். சரியாக இருந்தால் தைராய்டு சரி.

உண்மை: தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்.சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். அதுவே பழுதான பிறகு அந்த எண்ணை நம்ப முடியாது. பிட்யூட்டரி பழுதானவர்களுக்கு ரத்தத்தில் ஃப்ரீ டி4 அளவைப் பார்த்துத்தான் தைராக்ஸின் மாத்திரையின் அளவை முடிவுசெய்ய வேண்டும்.

நம்பிக்கை: கர்ப்பத்தில் புரோலாக்டின் ஏறினால் கட்டி வளர்கிறது.

உண்மை: கட்டியே இல்லாத கர்ப்பிணிக்கும் பேறுகாலம் நெருங்கும்போது அது ஏறத்தாழ 10 மடங்கு ஏறும். அதனால் கர்ப்பத்தில் அந்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பது வீண். கவனிக்க வேண்டியது விடாத தலைவலியும், பார்வையின் ஓரங்கள் மங்குவதும்தான். சிறிய கட்டி தொல்லை தரும் அளவுக்கு வளர்வது 100 பேரில் இரண்டு மூன்று பேருக்கே. பெரிய கட்டியில் அந்த ஆபத்து பல மடங்கு அதிகம். அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்வைப் பரப்பைச் சோதிக்க வேண்டும். அறிகுறி இருந்தால் சாய ஊசி போடாமலே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். கட்டி வளர்ந்திருந்தால் மாத்திரையை மறுபடி தொடங்குவார்கள்.

தாய்ப்பால் கொடுத்தால் கட்டி பெருகும் என்பதும் சரியல்ல. தாராளமாகக் கொடுக்கலாம்.

நம்பிக்கை: பால் ஊறவில்லை என்றால் தாய் சரியாகச் சாப்பிடவில்லை.

உண்மை: பால் குறையப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போயிருந்து, பாலே சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல், ஓயாத சோர்வும் இருந்தால், பூண்டும் சுறாப்புட்டும் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. கர்ப்பத்தில் பெருத்திருக்கும் பிட்யூட்டரி, ரத்தஓட்டம் குறைந்தால் கருகிவிடக்கூடும். 1937இல் இதை விரிவாக எழுதிய ஹெரால்ட் ஷீஹனின் பெயரிலேயே அது ஷீஹன் நோய்க்குறி எனப்படுகிறது. பல பெண்களுக்கு இது தெரியவர ஆண்டுகள் ஆகின்றன; அதுவரை 'சோம்பேறி' என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடித்துவிட்டால் மாத்திரைகள் போதும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஹைட்ரோகார்டிசோன், பிறகுதான் தைராக்ஸின். தைராக்ஸினை மட்டும் தொடங்கினால், இருக்கும் கொஞ்சம் கார்டிசோலும் வேகமாகச் செலவாகி நெருக்கடி வந்துவிடும்.