தட்டிய நேரமும் திறந்த நேரமும்

மோகனூர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவர் நின்றுகொண்டு, நாமக்கல்லிலுள்ள துணிக்கடைக்கு ஆள் அனுப்புகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் தரும் சீட்டில் நேரம் குறித்திருக்கும். சீட்டுடன் வரும் ஒவ்வொருவருக்கும் கடைக்காரர் அவருக்குப் பத்து ரூபாய் தரகு தருவார். ஒரு நாள் வந்த சீட்டில் 10 மணி என்றிருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர் கடைக்குள் நுழைந்ததோ 10 மணி 2 நிமிடம். இடைத்தூரம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு 540 கிலோமீட்டர் வேகம்! நம் பேருந்து ஓட்டுநர்கள் வேகக்காரர்கள்தாம். ஆனாலும் இவ்வளவு இல்லை. தரகர் மோகனூரில் நிற்கவேயில்லை. கடைவாசலில் நின்று, தாமாக வந்தவர் கையில் சீட்டைத் திணித்திருக்கிறார்.

கைப்பேசி விளம்பரங்களிலும் இதே ஏமாற்று நடக்கிறது. விளம்பரத்தைத் தட்டி நீங்கள் ஒரு செயலியை நிறுவினால், அந்த விளம்பரத்தைக் காட்டியவருக்குத் தரகு உண்டு. பல விளம்பரங்களைத் தட்டியிருந்தால், பொதுவாகக் கடைசித் தட்டலுக்கே பணம். திருடனுக்கு வழிவிடுவது இந்த விதிதான்.

உங்கள் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விசைப்பலகைச் செயலியோ கோப்புச் செயலியோ, புதிய செயலி ஒன்று வருவதை மோப்பம் பிடிக்கிறது. நீங்கள் அதை முதன்முறை திறப்பதற்குள், நீங்கள் தட்டாத தட்டல் ஒன்றைத் தானே அனுப்பிவிடுகிறது. அதுவே கடைசித் தட்டல் ஆகிவிடும்!

இதைக் கண்டுபிடிக்க உதவுவது கடிகாரமே. 60 மெகாபைட் அளவுள்ள செயலி என்றால் 480 மெகாபிட். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் அது இறங்க 24 நொடி வேண்டும். தட்டிய 2 நொடியில் செயலி திறக்கப்பட்டது என்றால் நம்பலாமா? 2017-இல் கூகுள் மற்றொரு வசதியும் தந்தது: பதிவிறக்கம் தொடங்கிய நேரத்தைச் செயலிக்காரர் அறியலாம். அதற்குப் பின் வந்த தட்டல், பிள்ளை பிறந்தபின் பெண் பார்க்கப் போன கதை.

2018 நவம்பரில் அமெரிக்காவின் கொச்சாவா நிறுவனம், சீட்டா மொபைல், கிக்கா டெக் ஆகிய சீன நிறுவனங்களின் எட்டுச் செயலிகள் இவ்வாறு தரகு பறித்தன என்று தெரிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன. டிசம்பரில் கூகுள் அவற்றுள் இரண்டைத் தன் கடையிலிருந்து நீக்கியது.

மற்றொரு வகைத் திருடர் அவசரப்படுவதில்லை. இலட்சக்கணக்கான கைப்பேசிகளின் பெயரில் பொய்த் தட்டல்களைக் கொட்டிவிட்டுக் காத்திருப்பார். யாராவது தாமாக நிறுவினால் தரகு கேட்பார். இங்கே நேரம் குறுகாது, பரவிவிடும். உண்மையான விளம்பரத்தில் பெரும்பாலோர் முதல் சில நிமிடங்களிலேயே நிறுவுவதால், வரைபடம் விரைவில் உச்சம் தொட்டுச் சரியும். பொய்த் தட்டல்களுக்கோ முதல் மணியும் இருபதாம் மணியும் ஏறக்குறைய ஒன்றே. வரைபடம் மேசைபோல் தட்டையாக இருக்கும்.

ஒரே ஒரு நேரத்தை வைத்து யாரையும் திருடன் எனக் கூறிவிடக் கூடாது. செயலி சிறியதாக இருக்கலாம். காலையில் தட்டியவர் மாலையில் வீட்டு வைஃபை கிடைத்தபின் நிறுவலாம். ஆயிரக்கணக்கான இடைவெளிகளின் வடிவமே சாட்சி. நட்டம் பணத்தோடு முடிவதுமில்லை. முட்டை விற்கச் செயலி தொடங்கிய நாமக்கல் இளைஞர், திருட்டு விளம்பரமே ஆள் கொண்டுவருவதாக நம்பி அடுத்த மாதமும் அதிலேயே கொட்டுவார். உண்மையாக ஆள் அனுப்பியவரைக் கைவிடுவார்.

இந்த இரு வடிவங்களையும் நீங்களே வரையலாம். பள்ளி மணி அடித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். வகுப்புக்குள் நுழையும் ஒவ்வொருவரும் மணிக்குப் பின் எத்தனை நொடியில் வந்தார் எனக் குறியுங்கள். அதே நேரத்தில் நண்பர் ஒருவர், வாயிலுக்கு வெளியே சாலையில் போவோரைக் குறிக்கட்டும். பத்துப் பத்து நொடியாகப் பிரித்து, இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். எந்தக் கோடு மணியைக் கேட்டு வந்தது என்பது பார்த்ததும் தெரியும்.