நிலத்தடி வெப்பத்தில் வீட்டுக் கணப்பு: வரவும் செலவும்



எந்தச் சரக்கை எடுத்தாலும் "முதல் எவ்வளவு, கைச்செலவு எவ்வளவு, மிஞ்சுவது எவ்வளவு" என்று மூன்று கேள்வி கேட்டுப் பழகியவர்கள் நாம். எரிபொருளும் ஒரு சரக்குதான். ஆனால் அதற்கு நாலாவது கேள்வி ஒன்றும் உண்டு. "இதனால் மண்ணுக்கும் காற்றுக்கும் நீருக்கும் என்ன கேடு?" என்பதே அது. இந்த நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டு, பூமிக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வீடுகளைச் சூடாக்கும் முறையை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நமக்கு வீட்டைக் குளிர்விக்கும் கவலைதானே, சூடாக்கும் கவலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முதலீடு பெரிதாகவும் கைச்செலவு சிறிதாகவும் இருக்கும் எந்தத் தொழிலுக்கும் இதில் பாடம் இருக்கிறது. குளிர் நாடுகளில் கணப்பு இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. அரிசிக்கும் பருப்புக்கும் அடுத்து, அங்கே வெப்பத்திற்குத்தான் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

பூமி என்னும் கிடங்கு

நிலத்தில் ஆழம் போகப் போகச் சூடு கூடும். சாதாரணமான இடங்களில் 1 கிலோமீட்டர் ஆழத்திற்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். எரிமலைப் பகுதிகளில் மிக வேகமாக ஏறும். அங்கே மழைநீரும் பனிநீரும் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி, சூடாகி, வெந்நீர் ஊற்றாக மேலே வருகின்றன. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் மணிகரணில் இப்படிப்பட்ட ஊற்று நீரில்தான் குருத்வாராவின் அன்னதானத்திற்கு அரிசியும் பருப்பும் வேகின்றன.

வெந்நீரைக் குழாய் வழியே வீட்டுக்குக் கொண்டுபோவதும் புதிதல்ல. பிரான்சு நாட்டின் ஷோட் ஏக் என்ற சிற்றூரில் 14-ஆம் நூற்றாண்டிலேயே, 82 டிகிரி சூடுள்ள ஊற்று நீரால் வீடுகள் சூடாக்கப்பட்டன. அமெரிக்காவின் பாய்சி நகரில் 1892-இல் இம்முறை தொடங்கியது. ஆனால் ஒரு நாடே இதை நம்பி வாழ்வது ஐஸ்லாந்தில்தான். ஆகவே அந்த நாட்டின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

ரெய்க்யாவிக் நகரின் கதை

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக். அந்தப் பெயருக்குப் "புகை விரிகுடா" என்று பொருள். முதலில் குடியேறியவர்கள் வெந்நீர் ஊற்றுகளின் ஆவியைக் கண்டு இப்பெயர் வைத்ததாகச் சொல்வர். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த நகரை மூடியிருந்தது ஆவி அல்ல, நிலக்கரிப் புகை. நிலக்கரியைக் கப்பலில் இறக்குமதி செய்து ஒவ்வொரு வீட்டிலும் எரித்து வந்தனர். நகரின் ஓரத்திலேயே பெண்கள் துணி துவைக்கும் வெந்நீர் ஊற்று இருந்தும், அதை வீட்டுக் கணப்புக்குப் பயன்படுத்தவில்லை. சரக்கு கொல்லையில் கிடக்க, வெளியூரிலிருந்து கொள்முதல் செய்தது போன்ற நிலைமை.

1928-இல் அந்த ஊற்றின் அருகே துளையிடத் தொடங்கினர். 1930-இல் சுமார் 3 கிலோமீட்டர் குழாய் போட்டு ஒரு பள்ளிக்கூடத்திற்கு வெந்நீர் கொண்டுவந்தனர். பிறகு மருத்துவமனைக்கும் சில வீடுகளுக்கும் இணைப்புக் கொடுத்தனர். சிறிய அளவில் செய்து பார்த்து, கணக்கு சரியாக வருகிறதா என்று கண்ட பிறகே பெரிய முதலீட்டில் இறங்கினர். இரண்டாம் உலகப் போரினால் தாமதமாகி, தொலைவிலுள்ள ரெய்கிர் ஊற்றுகளிலிருந்து வந்த பெரிய குழாய் 1943-இல் வேலை செய்யத் தொடங்கியது.

ஆயினும் 1970-களின் தொடக்கத்தில்கூட நாட்டின் வீடுகளில் சுமார் பாதிக்கு எண்ணெய்தான் கணப்பு. 1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது ஒவ்வொரு குடும்பமும் அடிவாங்கியது. அதன் பின்னரே அரசு முழு மூச்சாக இறங்கியது. துளையிடுவதற்கு அரசு நிதியிலிருந்து கடன் கொடுத்தனர். துளையில் வெந்நீர் கிடைக்காவிட்டால் அந்தக் கடனை மானியமாக மாற்றிக்கொள்ளவும் வழி செய்தனர். நட்டம் ஒருவர் தலையில் விழாமல் பகிர்ந்துகொள்ளப்பட்டதால்தான் சிற்றூர்களும் துணிந்து இறங்கின. இன்று அந்நாட்டின் வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு புவிவெப்பத்தால் சூடாகின்றன.

வரவுப் பக்கம்

முதல் வரவு, தூய காற்று. வீட்டுக்கு வீடு இருந்த அடுப்பும் புகைபோக்கியும் போயின. ரெய்க்யாவிக்கை மூடியிருந்த நிலக்கரிப் புகையும் போயிற்று. உலகைச் சூடாக்கும் கரியமில வாயுவும் பெரிதும் குறைந்தது.

இரண்டாவது, விலை ஏற்ற இறக்கம் இல்லாமை. எங்கோ போர் மூண்டால் இங்கே அடுப்புச் செலவு ஏறும் என்ற பயம் இல்லை. கொள்முதல் விலை ஏறினால் கடைக்காரர் படும் பாட்டை நாம் அறிவோம்.

மூன்றாவது, ஒரே சரக்கைப் பல முறை விற்பது. வீட்டைச் சூடாக்கிவிட்டு வெளியேறும் நீரிலும் சுமார் 35 டிகிரி சூடு மிச்சம் இருக்கும். அதை நடைபாதைகளுக்கு அடியில் ஓடவிட்டு, பனி உறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வெந்நீர்ச் சூட்டில் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளியும் வெள்ளரியும் விளைகின்றன. மீன் தலைகளைப் புவிவெப்பத்தில் உலர்த்தி நைஜீரியாவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். கழிவு என்று எதையும் எளிதில் ஒதுக்காத புத்தி இது. கருவாட்டு வியாபாரம் செய்யும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செலவுப் பக்கம்

வரவை மட்டும் எழுதிச் செலவை மறைப்பது கணக்கு ஆகாது. இதன் கேடுகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஒன்று, இந்தக் கிடங்கும் அள்ளக் குறையும். ரெய்கிர் பகுதியில் பல ஆண்டுகள் மிகுதியாக இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. 1990-இல் நெஸ்யாவெல்லிர் என்ற வேறொரு வெப்ப வயலிலிருந்து 27 கிலோமீட்டர் குழாய் வந்த பிறகு, ரெய்கிரில் இறைப்பைக் குறைத்தனர். நீர்மட்டம் மறுபடி ஏறியது. வட்டியில் சாப்பிட்டால் முதல் நிற்கும், முதலில் கைவைத்தால் கடை நிற்காது என்பது பூமிக்கும் பொருந்தும்.

இரண்டு, மேலே வருவது வெறும் நீர் அல்ல. மிகுந்த சூடுள்ள வயல்களில் கந்தக வாயுவும் கரியமில வாயுவும் கலந்து வரும். கந்தக வாயுவுக்கு அழுகிய முட்டை நாற்றம். அளவு மிஞ்சினால் உடல்நலத்துக்கும் கேடு. ஹெல்லிஸ்ஹெய்தி என்ற இடத்திலுள்ள நிலையத்தில் இந்த வாயுக்களை நீரில் கரைத்து மறுபடி எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கே நடந்த சோதனையில், செலுத்திய கரியமில வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாக மாறிவிட்டதாக 2016-இல் வெளியான ஆய்வு கூறியது. நோய்க்கு மருந்து உண்டு, ஆனால் மருந்துச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்று, நிலநடுக்கம். பயன்படுத்திய நீரைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்துவது நல்ல பழக்கம். ஆனால் அதே ஹெல்லிஸ்ஹெய்தி அருகே 2011-இல் அவ்வாறு செலுத்தத் தொடங்கியபோது தொடர்ந்து சிறு நடுக்கங்கள் ஏற்பட்டன. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு நீரை அழுத்தத்துடன் செலுத்தியபோது, 2006 டிசம்பரில் 3.4 அளவுள்ள நடுக்கம் ஊரையே அதிரவைத்தது. அந்தத் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது.

நான்கு, ஒரே குழாயை நம்பும் ஆபத்து. ஐஸ்லாந்தின் தென்மேற்கு முனையில் 2024 பிப்ரவரி 8-ஆம் தேதி எரிமலைக் குழம்பு ஓடி, ஸ்வார்ட்செங்கி நிலையத்திலிருந்து செல்லும் வெந்நீர்க் குழாயை அறுத்துவிட்டது. கடுங்குளிரில் 20,000-க்கும் மேற்பட்ட மக்களின் வீடுகளில் ஒரே நாளில் கணப்பு நின்றது. அவசரமாக வேறு குழாய் போட்டு இணைக்கும் வரை மின்கணப்பை வைத்து ஒப்பேற்ற வேண்டியதாயிற்று. ஒரே மொத்த வியாபாரியை நம்பிக் கடை நடத்துவோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெந்நீர் ஊற்று இல்லாத ஊரில்

எல்லா ஊரிலும் எரிமலை இல்லை. அப்படிப்பட்ட குளிர் நாடுகளில் வேறொரு முறை உண்டு. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே, வெளியே பனி கொட்டினாலும் மண் உறைவதில்லை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். அங்கே 100 மீட்டருக்கும் மேலே ஆழமான துளையிட்டுக் குழாய் இறக்கி, நீர்மக் கலவையைச் சுற்றவிட்டு, அந்தச் சூட்டை மேலே கொண்டுவருகிறார்கள். அதை வீட்டுக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்தும் பொறிக்கு வெப்ப எக்கி என்று பெயர். நம் கடைக் குளிர்பெட்டி உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது அல்லவா? இது மண்ணின் சூட்டை வீட்டுக்குள் தள்ளுகிறது. வேலை ஒன்றுதான், திசை மட்டுமே வேறு. சுவீடனிலும் சுவிட்சர்லாந்திலும் இது பரவலாக உள்ளது.

இந்தப் பொறி 1 பங்கு மின்சாரம் செலவழித்து 3 முதல் 4 பங்கு வரை வெப்பம் தரும். நல்ல லாபம்தான். ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். நிலக்கரி மின் நிலையத்தில் 1 பங்கு மின்சாரம் எடுக்கச் சுமார் 3 பங்கு வெப்பத்துக்குரிய கரியை எரிக்கிறார்கள். அங்கே மூன்று கொடுத்து, இங்கே மூன்றோ நாலோ வாங்கினால் காற்றுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பமே. நீர், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றால் கிடைத்த மின்சாரமானால் லாபம் முழுமையாகக் கிடைக்கும். பொறிக்குள் இருக்கும் குளிரூட்டி வாயு கசிந்தாலும், வகையைப் பொறுத்து, அது கரியமில வாயுவை விடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. ஆகவே கசியாமல் பார்த்துக்கொள்வதும் செலவுக் கணக்கில் சேரும்.

ஸ்டௌஃபன் கற்ற பாடம்

ஜெர்மனியின் தென்மேற்கில் ஸ்டௌஃபன் என்ற பழைமையான சிற்றூர் உள்ளது. 2007-இல் அதன் நகர்மன்றக் கட்டடத்தைப் புவிவெப்பத்தால் சூடாக்க நல்லெண்ணத்துடன் 7 துளைகள் இட்டனர். ஒவ்வொன்றும் சுமார் 140 மீட்டர் ஆழம். அடியில் அன்ஹைட்ரைட் என்ற பாறை அடுக்கு ஒன்று இருந்தது. துளை வழியே நிலத்தடி நீர் அதில் புகுந்தது. நீர் பட்டால் அந்தப் பாறை ஜிப்சமாக மாறும். மாறும்போது அதன் பருமன் சுமார் 60 விழுக்காடு பெருகும். உளுந்து ஊறினால் பாத்திரம் வழிவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே ஊறியது ஊரின் அடித்தளம்.

சில வாரங்களில் சுவர்களில் விரிசல் கண்டது. ஒரு கட்டத்தில் நிலம் மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் உயர்ந்தது. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் பழுதடைந்தன. நீரை இறைத்தும் துளைகளை அடைத்தும்தான் அந்த வேகத்தைத் தணிக்க முடிந்தது. துளையிட்டது நகர்மன்றத்துக்காக, சுவர் பிளந்ததோ தம் வீட்டில் சும்மா இருந்த குடிமக்களுக்கு. மண்ணின் தன்மையைத் தெளிவாக அறியாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐந்தொகை

இனி, மொத்தக் கணக்கையும் கூட்டிப் பார்ப்போம்.

1. முதலீடு பெரிது, கைச்செலவு சிறிது. நீண்ட காலம் பொறுத்திருக்கக் கூடியவருக்கே இது ஏற்றது. பொறுக்க முடியாதவருக்கு ஐஸ்லாந்தைப் போல அரசு தோள் கொடுக்க வேண்டும்.

2. காற்றுக்கு நன்மை மிகப் பெரிது. ஆனால் வெப்ப எக்கியில் அந்த நன்மை மின்சாரம் பிறக்கும் இடத்தைப் பொறுத்தது.

3. பூமியின் சூடு தீராது என்று எண்ணக்கூடாது. ஊறும் அளவறிந்து எடுக்க வேண்டும்.

4. மண் ஆய்வுக்கு ஆகும் செலவு வீண் செலவு அல்ல. அதைக் குறைப்பவர், பின்னால் ஊருக்கே நட்டஈடு தேட வேண்டிவரும்.

5. லாபம் ஒருவருக்கும் நட்டம் அண்டை வீட்டாருக்கும் என்று அமையும் எந்த வேலையும் நல்ல வியாபாரம் ஆகாது.

இந்த ஐந்தில் கடைசியானதே முக்கியம். நம் கடைத்தெருவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போதும், பின்கட்டில் மின்னாக்கி வைக்கும் போதும், கழிவுநீருக்கு வழி விடும் போதும் இதே கேள்வி எழுகிறது. நமக்கு மிச்சமாகும் பணத்தைக் கல்லாவில் எண்ணிப் பார்க்கிறோம். அதற்காக அடுத்த கடைக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் அதே பேரேட்டில் ஒரு பக்கமாக எழுதி வைப்போம். அப்போதுதான் நம் கணக்கு முழுமையான கணக்கு ஆகும்.